கேள்வி – பதில்: சுல்தானின் காவலர்கள்

கே: பாடசாலை நாடகத்தில் சுல்தான் சுலைமான் வருகிறார். காவலர்களுக்குத் துருக்கித் தொப்பி போடலாம்தானே?
– ஆசிரியை, சம்மாந்துறை

ப: வேண்டவே வேண்டாம். சுலைமான் ஆண்டது 1520 முதல் 1566 வரை. குஞ்சம் வைத்த அந்தச் சிவப்புத் தொப்பி ஒஸ்மானியப் படைக்கு வந்தது, சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1826 ஜூனில் ‘ஜானிசரி’ எனும் சுல்தானின் காவல் காலாட்படையைக் கலைத்த பிறகுதான். 1829 இல் அரச ஊழியருக்கும் கட்டாயமானது. 1905 இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் கழற்ற மறுத்ததும் அதே தொப்பிதான். அதனால்தானோ என்னவோ, நம் மேடைகளில் துருக்கியர் என்றாலே அது ஏறிவிடுகிறது.

ஜானிசரிக்குரியது வெள்ளைக் கம்பளித் தொப்பி, ‘பூர்க்’. நெற்றியில் பட்டை, உச்சியில் மடிந்து முதுகுப்பக்கம் தொங்கும் அகன்ற மடல். நெற்றிப் பகுதிக்குள் மட்டும் கொலருக்கு வைக்கும் கன்வஸ் கொடுத்துத் தையுங்கள். மடலுக்குள்ளும் கொடுத்தால் அது விழாமல் விறைத்து நிற்கும். சிப்பாய் ஹோட்டல் சமையற்காரர் போலாகிவிடுவார். அங்கியின் முன் நுனிகளைத் தூக்கி இடைக்கச்சையில் செருகிவிடுங்கள். அசலிலும் அப்படித்தான், நடையில் கால் தடுக்காது.

கே: தொப்பியில் கரண்டி செருகியிருந்தார்களாமே, உண்மையா?
– வாசகர், காத்தான்குடி

ப: உண்மை. பட்டையின் நடுவில் கரண்டிக்கென்றே ஒரு கூடு இருந்தது. ஒரே கிடாரத்தில் உண்பவர்கள் என்பதுதான் படையின் பெருமை. சம்பளம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அன்று இஸ்தான்புல்லில் சுல்தானின் தொப்காப்பி அரண்மனையின் இரண்டாம் முற்றத்தில் சூப் வைப்பார்கள். பாய்ந்து எடுத்தால் படைக்குத் திருப்தி, தொடாமல் நின்றால் அமைச்சருக்கு வயிறு கலங்கும். கிடாரத்தைக் கவிழ்த்துவிட்டாலோ கலகம்தான். 1826 இலும் கவிழ்த்தார்கள். அதுவே கடைசி.

கே: ஊர்வலத்தில் சுல்தானை ஒட்டி நடந்தவர்கள் யார்?
– மாணவன், கல்முனை

ப: ‘சொலாக்’ எனும் வில்லாளிகள், ஜானிசரிப் படையின் 60 முதல் 63 வரையான நான்கு பிரிவினர். தலையில் உயர்ந்த இறகுக் கொத்து, கையில் வில். எய்யும்போதும் சுல்தானுக்கு முதுகு காட்டக்கூடாது என்பதால் வலப்பக்கம் நடந்தவர்கள் இடக்கையால் நாண் இழுத்தார்கள். நாடகத்தில் அந்தப் பக்கத்துக்கு இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளையே நிறுத்துங்கள். பொன்முலாம் பூசிய உலோகத் தொப்பியும் சிறு கோடரியுமாகக் கூட நடந்தவர்கள் ‘பெய்க்’ எனும் ஓட்டத் தூதர்கள். அவர்களுக்கு வில் கொடுக்காதீர்கள்.