டெயில்வீல் ஸ்டீரிங் ஸ்பிரிங் அடிக்கடி போகுதுன்னா ஸ்டீல் ராடு போட்டு பலப்படுத்தலாமா?

கேள்வி என்னன்னா, சொந்தமா கட்டுன ரெண்டு சீட் விமானம், ரட்டர் ஹார்ன்லருந்து (ரட்டர்னா வால்ல திசை திருப்புற பலகை, ஹார்ன் அதுல நீட்டிட்டு இருக்குற கை) டெயில்வீலுக்கு (வாலுக்கு அடியில இருக்குற சின்ன சக்கரம்) போற ஸ்பிரிங் ஒரே வருஷத்துல ரெண்டு தடவ போயிடுச்சு, அத தூக்கிட்டு நேரா ஸ்டீல் ராடு போட்டுடலாமான்னு.

தயவுசெஞ்சு போடாதீங்க. அந்த ஸ்பிரிங்தான் தரையில வாங்குற அடிய ரட்டருக்கு போகவிடாம தாங்குது, அத எடுத்துட்டா அடுத்து உடையுறது ஹார்ன், இல்லன்னா ரட்டர் கீல்.

எனக்கு நடந்ததையே சொல்றேன். முதல்ல கொக்கி வச்ச இழுவை ஸ்பிரிங்தான் போட்டிருந்தேன், ஒரு நாள் இறங்கி ஓடிட்டு இருக்கும்போதே இடது பக்க கொக்கி விரிஞ்சு கழண்டுடுச்சு, மூக்கு வலது பக்கம் திரும்ப ஆரம்பிச்சது, இடது பிரேக்க மிதிச்சுதான் நிறுத்துனேன். இந்த மாதிரி விமானத்துல எடை மையம் மெயின் வீலுக்கு பின்னாடி இருக்கறதால வால் லேசா விலகுனாலே அது தானா வளந்துக்கிட்டே போகும், கிரவுண்ட் லூப், அதாவது தரையிலயே விமானம் கட்டுப்பாடு இல்லாம சுத்திடுறது, அப்படித்தான் ஆகுது. அப்புறம் கம்ப்ரெஷன் ஸ்பிரிங் மாத்துனேன், இதுல இழுத்தா ஸ்பிரிங் அமுங்கும், கம்பி ஒடஞ்சாலும் ரெண்டு கொக்கியும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டே இருக்கும். அதோட விட்டிருக்கணும், ரொம்ப விறைப்பான ஸ்பிரிங்கா வாங்கி போட்டேன், கொஞ்ச நாள்ல ஹார்ன் வெல்டிங் ஓரத்துல முடி மாதிரி விரிசல்.

காரணம் ஸ்பிரிங்கே இல்ல, ஷிம்மி, அதாவது சக்கரம் ரெண்டு பக்கமும் வேகமா ஆடுறது. டெயில்வீல தாங்குற வால் பட்டை ஸ்பிரிங் நாளாக ஆக தொஞ்சு போய், டெயில்வீல் பிவட்டோட (சக்கரம் திரும்புற அச்சு) மேல் முனை முன்பக்கம் சாஞ்சிருந்தது. விமானத்துல முழு எடை இருக்கும்போது பக்கத்துலருந்து பாருங்க, மேல் முனை லேசா பின்னாடி சாஞ்சிருக்கணும், இல்ல செங்குத்தாவாவது நிக்கணும். முன்னாடி சாஞ்சா சக்கரம் படபடன்னு ஆடும், அந்த ஆட்டம் ஒவ்வொண்ணும் ஹார்னையும் சக்கரத்தையும் இணைக்குற லிங்க்கேஜ்லதான் போய் விழும். பட்டைய மறுபடி வளைச்சு வாங்குனதும் ஆட்டம் நின்னுடுச்சு.

ஸ்பிரிங்கோட சேந்து ஹார்னையும் டெயில்வீலையும் இணைக்குற செயினோட டென்ஷன, சக்கரத்துல எடை இருக்கும்போது சரி பண்ணுங்க. அப்புறம் வால தூக்கியும் பாக்கணும், ஏன்னா எடை போனதும் பட்டை கீழ இறங்கி செயின் இன்னும் இறுகும், தரையில வீணை தந்தி மாதிரி முறுக்கி வச்சீங்கன்னா பறக்கும்போது ரட்டர்ல தேவையில்லாத இழுப்பு வரும். ரெண்டு நிலையிலயும் ரட்டர ரெண்டு ஸ்டாப் (அதுக்கு மேல திரும்பாம தடுக்குற இடம்) வரைக்கும் திருப்பி, ஸ்பிரிங் சுருள் முழுசா ஒட்டிக்காம இருக்கா, செயின் எங்கயாவது மாட்டுதான்னு பாருங்க.

பலப்படுத்தணும்னா மூட்டுகள்ல பண்ணுங்க. போல்ட் ஓட்டை முட்டை வடிவமா தேஞ்சிருந்தா புஷ் (உள்ள போடுற சின்ன உலோகக் குழாய்) போடுங்க, திரும்புற போல்ட்டுக்கு நைலான் நட் வேண்டாம், கேசில் நட்டும் (மேல வெட்டு இருக்குற நட்டு) அது கழலாம அந்த வெட்டு வழியா குத்துற காட்டர் பின்னும்தான். ராடு எண்ட் பேரிங் (முனையில உருண்டை பந்து வச்ச மூட்டு) இருந்தா பந்த விட பெரிய வாஷர் ஒண்ணு போட்டுடுங்க, பந்து கழண்டாலும் லிங்க் கைய விட்டு போகாது. கடையில கிடைக்குற எஸ் கொக்கி, சாதா செயின் எதுவும் கிட்ட வரக்கூடாது. விரிசல் விட்ட ஹார்ன் மேலயே திரும்ப வெல்டிங் ஓட்டாதீங்க, 4130 ஸ்டீல்ல (விமானத்துக்கு பயன்படுத்துற உறுதியான கலப்பு எஃகு) புதுசா செஞ்சு மூலையில கசட் (பலப்படுத்துற முக்கோண தகடு) வச்சு போடுங்க, நான் அப்படித்தான் செஞ்சேன்.

மாத்துனதும் முதல்ல மெதுவா டாக்ஸி (தரையிலயே ஓட்டுறது) மட்டும் பண்ணிட்டு, நிறுத்தி ஒவ்வொரு பின்னையும் கையால தொட்டு பாத்துட்டு அப்புறம் வேகத்த கூட்டுங்க.