சகிப்புத்தன்மை பேசும் மனிதநேயர்கள், ஒருபால் இணையர் தத்தெடுப்பதை எதிர்ப்பவர்களையும் சகிக்க வேண்டாமா?

கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோகத்தான் நினைத்தேன், முடியவில்லை. நான் ஏழு வயதில் தத்துப் போன பிள்ளை. மனிதநேயக் கொள்கையில், அதாவது மதத்தைச் சாராமல் மனித அறிவையும் பரிவையும் நம்பி வாழும் கொள்கையில், பிடிப்பும் உண்டு. நீங்கள் யாரிடமோ வாதாடிவிட்டு வந்த சூட்டில் கேட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. தவறென்றால் மன்னியுங்கள்.

சகிக்கத்தான் வேண்டும். எதிர்ப்பவர்கள் பேசட்டும், எழுதட்டும், கூட்டம் போடட்டும். ஆனால் ஒருவருடைய கருத்தைப் பொறுத்துக்கொள்வது வேறு, அந்தக் கருத்து ஒரு குழந்தைக்குக் கிடைக்கவிருக்கும் வீட்டைப் பூட்ட விடுவது வேறு.

இங்கிலாந்தில் இந்தச் சிக்கல் நிஜமாகவே வந்தது. ஒருபால் இணையர் சேர்ந்து தத்தெடுக்க 2002இல் சட்டம் இயற்றினார்கள், 2005 கடைசியில் அது நடைமுறைக்கு வந்தது. 2007இல், ஒருபால் ஈர்ப்பாளர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்ற தடையிலிருந்து தங்கள் தத்தெடுப்பு அமைப்புகளுக்கு விலக்கு வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையினர் கேட்டார்கள். அரசு விலக்குத் தரவில்லை, மாறிக்கொள்ள 2008 முடியும்வரை அவகாசம் தந்தது. சில அமைப்புகள் திருச்சபையிலிருந்து பிரிந்து வேலையைத் தொடர்ந்தன, சில தத்தெடுப்பு வேலையையே விட்டுவிட்டன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. எத்தனையோ பிள்ளைகளுக்கு வீடு தேடித் தந்தவர்கள் அவர்கள். இருந்தாலும் அரசு எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். அவர்களுடைய நம்பிக்கையில் யாரும் கை வைக்கவில்லை. பொதுப் பொறுப்பில் இருக்கும் குழந்தைக்குப் பெற்றோர் தேடும் இடத்தில் அதை அளவுகோலாக வைக்காதீர்கள் என்றுதான் சொன்னார்கள்.

இப்போது என் கதை. என்னைத் தத்தெடுத்தவர் திருமணமாகாத ஒரு பெண். என் அம்மா. அந்த வீட்டுக்கு நான் ஒரு துணிப்பையோடு போனேன். பையைப் பிரிக்கவில்லை. எப்படியும் திருப்பி அனுப்புவார்கள், அன்றைக்குத் தேட வேண்டியிருக்கக் கூடாது என்று கட்டிலுக்குக் கீழே தயாராக வைத்திருந்தேன். அதன் காதைப் பிடித்தபடிதான் தூங்குவேன். அம்மா அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்தார். பையைத் தொடவில்லை, பிரி என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. ஒவ்வொரு நாளும் துவைத்த துணியை மடித்துப் பைக்கு மேலேயே வைப்பார். கிட்டத்தட்ட மூன்று மாதம். அப்புறம் ஒருநாள் நானே எடுத்து அந்தத் தட்டில் அடுக்கினேன். அம்மா பார்த்துவிட்டுக் குளியலறைக்குப் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். ஏன் என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

பெரியவனான பிறகு ஒரு மனிதநேயக் கலந்துரையாடலில், நான் மதிக்கும் ஒருவர், நிறையப் படித்தவர், சொன்னார்: “ஒருபால் இணையரை நான் சகித்துக்கொள்கிறேன். ஆனால் குழந்தைக்கு அப்பாவும் வேண்டும், அம்மாவும் வேண்டும்.” எனக்கு அப்பா இல்லையே, என்னிடம் என்ன குறைகிறது என்று கேட்டேன். “உங்கள் விஷயம் வேறு” என்றார். என்ன வேறு என்று அவரால் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து ‘சகித்துக்கொள்கிறேன்’ என்ற சொல்லே எனக்கு ஆகவில்லை. வலியைச் சகிக்கலாம், வெயிலைச் சகிக்கலாம். பக்கத்து வீட்டில் பிள்ளை வளர்க்கும் இரண்டு பேரைச் சகிக்க என்ன இருக்கிறது?

ஒரு ஆளின் கதையை வைத்து முடிவு கட்டலாமா என்று சிலர் கேட்பீர்கள். கூடாதுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் ஆய்வுகளைப் பார்த்துவிட்டு 2013இல் ஒருபால் இணையர் தத்தெடுப்பதற்கு வெளிப்படையாக ஆதரவு தந்தது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு, வீட்டின் நிம்மதி, சுற்றியிருப்பவர்களின் துணை இவைதான் பிள்ளையைப் பாதிக்கின்றன, பெற்றோர் ஆணா பெண்ணா என்பது அந்த அளவுக்கு இல்லை என்பதே அவர்கள் சொன்னது. மனிதநேயர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. எங்களுக்குப் போப் கிடையாது. 1952இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி 2022இல் கிளாஸ்கோவில் புதுப்பித்த பிரகடனம் ஒன்று உண்டு. பிறர் உரிமைக்குக் குறுக்கே போகாத வரை ஒவ்வொருவருக்கும் முழுச் சுதந்திரம் என்கிறது அது. நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வரியைத்தான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. தத்துப் பிள்ளை என்று தெரிந்ததும், “அம்மாவுக்கு என்றைக்கும் நன்றியோடு இரு” என்று புத்தி சொல்ல வந்துவிடுகிறார்கள். பெற்ற பிள்ளையிடம் யாராவது அப்படிச் சொல்கிறார்களா? கோபத்தில் கதவைச் சாத்தும் உரிமைகூட எனக்கு இல்லை என்று சிறுவயதில் நம்பியிருந்தேன். இரண்டு அப்பாக்களிடம் வளரும் பிள்ளைக்கு இந்தப் புத்திமதி இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று பயமாக இருக்கிறது.

அப்புறம் அந்த “உண்மையான அம்மா யார்?” என்ற கேள்வி. இன்றைக்கும் யாராவது கேட்டால், பக்கத்தில் அம்மா இருக்கிறாரா, காதில் விழுந்திருக்குமோ என்றுதான் முதலில் திரும்பிப் பார்க்கிறேன்.