குப்பைக்குப் போகிற கம்பியும் ஃபீஸ்தான்

வணக்கம் அம்மா. “பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிற பெண், நகை செய்கிறேன் என்று ராத்திரியெல்லாம் செம்புக் கம்பியைக் குரோஷா ஊசியால் பின்னிப் பின்னிக் குப்பையில் போடுகிறாள். இதெல்லாம் ஒரு தொழிலா?” என்று கேட்டீர்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி நீங்கள் இருவரும் புதுச்சேரி வந்த அன்று, அவள் பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்த மாலையை நிதானமாகப் பார்த்தேன். ஒரு முனையில் கண்ணிகள் இறுகிக் கிடந்தன. நடுவுக்கு வரவர எல்லாம் ஒரே அளவு. கை பழகிக்கொண்டிருக்கிறது.

நூலில் குரோஷா போடும்போது தப்பினால் உருவிவிட்டு அதே நூலில் மறுபடி போடலாம். செம்புக் கம்பி அப்படி இல்லை. வளைக்க வளைக்க விறைக்கும். பிரித்து நீவிப் பின்னினால் மடிந்த இடத்தில் ஒடிந்துவிடும். அதனால் இதைக் கற்கிற யாருக்கும் ஆரம்பத்தில் கம்பி வீணாகும். டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கட்டுவதுபோல் அதையும் ஃபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீணானதை ஒரு டப்பாவில் சேர்த்தால் பழைய இரும்புக் கடையில் செம்பு விலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

ஃபீஸைக் குறைக்கவும் வழி உண்டு. புது டிசைனை முதலில் நூலில் போட்டுப் பார்க்கட்டும். பின்னத் தொடங்கும் முன்பே மணிகளைக் கம்பியில் கோத்துவிட வேண்டும். வெள்ளிக் கம்பி இப்போது வேண்டாம். மோட்டார் காயில் கட்டுகிறவர்கள் வாங்கும் எனாமல் பூசிய செம்புக் கம்பி போதும். அதில் ஒரு சிக்கல்: கம்பியின் பருமனைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். அமெரிக்க வீடியோக்களில் 28 கேஜ் என்பது 0.32 மி.மீ. நம் ஊரில் இந்த மோட்டார் கம்பிக்குப் பிரிட்டிஷ் அளவு. அதில் 28 கேஜ் ஏறக்குறைய 0.38 மி.மீ. அவள் வாங்கியது அதுதான் போலிருக்கிறது, விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. எண் கூடினால் கம்பி மெலியும், அதனால் 30 கேஜ் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

விற்பதற்கு இப்போது அவசரம் வேண்டாம். அந்த மாலையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு கம்பி முனை குத்தியது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையிலானாலும் ஆரோவில் பக்கத்துக் கடையிலானாலும், வாங்குகிறவர் நகையைத் திருப்பிப் பார்ப்பார். நம் உப்புக் காற்றில் பூச்சில்லாத செம்பு கறுத்துப்போகும். செய்ததில் ஒன்றை ஜன்னலில் ஒரு மாதம் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

முனை மடக்குவது, கொக்கி பொருத்துவது, விலை போடுவது எல்லாம் செயற்கை நகைப் பயிற்சியிலேயே வந்துவிடும். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் அது இலவசம். 18 வயது முடிந்திருக்க வேண்டும். கடலூரில் இந்தியன் வங்கி நடத்துகிறது. அடுத்த பேட்ச் எப்போது, தகுதி என்ன என்று நேரில் விசாரியுங்கள். செமஸ்டர் லீவில் போகட்டும்.

படிப்பை நிறுத்தும் பேச்சே வேண்டாம். பி.காம். இந்தத் தொழிலுக்கே உதவும். ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு நகைக்கும் எத்தனை கிராம் கம்பி, கோக்கிற மணிகளுக்கு என்ன செலவு, எத்தனை மணி நேரம் என்று எழுதச் சொல்லுங்கள். ஆறு மணி நேர வேலைக்கு நூறு ரூபாய்தான் மிஞ்சுகிறதென்றால் டிசைனை மாற்ற வேண்டும், அல்லது விலையை. அந்த நோட்டு இல்லாமல் தொழிலுக்குக் கடன் வாங்கும் பேச்சு எடுக்காதீர்கள்.

அடுத்த முறை வரும்போது புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு அவளைக் கூட்டிப் போங்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் செய்த மணிகள் அங்கே இருக்கின்றன. நிறம் சேர்க்கக் கற்றுக்கொள்ளலாம். அப்படியே நோட்டையும், ஜன்னலில் தொங்கிய மாலையையும் என்னிடம் எடுத்து வாருங்கள்.