நாள் குறித்தவர்கள்

அன்புள்ள ஐயா,

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும் பெரியப்பா ஆரம்பித்துவிட்டார். போர், பூகம்பம், கொள்ளைநோய் எல்லாம் மத்தேயு 24-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, கிறிஸ்துவின் இரண்டாம் வருகை வாசற்படியில் நிற்கிறது என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். 1844-இல் அமெரிக்காவில் மில்லர், 2011-இல் கேம்பிங் என்று பொய்த்துப்போன தேதிகளை அடுக்கினேன். அவர் அசரவே இல்லை. "கணக்குப் போட்டவன் தப்பலாம் மக்கா, வசனம் தப்பாது" என்று சொல்லிவிட்டு, புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

இத்தனை முறை பொய்த்த பிறகும் ஒரு நம்பிக்கை எப்படிச் சாகாமல் இருக்கிறது? இவர்களிடம் வாதாடிப் பயன் உண்டா?

எஸ்.,
மார்த்தாண்டம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் பெரியப்பா கெட்டிக்காரர். ஒரே வரியில் உங்கள் பட்டியல் முழுவதையும் செல்லாக்காசாக்கிவிட்டார். நானும் உங்கள் கட்சிதான், வருகையை நம்புகிறவன் இல்லை. ஆனாலும் அன்றைக்குத் திண்ணையில் தோற்றது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். அவர் தேதி எதுவும் சொல்லவில்லை. சொல்லாத தேதியை நீங்கள் பொய்யென்று நிரூபித்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன மில்லரைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வில்லியம் மில்லர் போதகராகப் பிறந்தவர் இல்லை. நியூயார்க் மாகாணத்தின் லோ ஹாம்ப்டனில் விவசாயி. இளம் வயதில் அவரே ஐயவாதி. கடவுள் உலகத்தைப் படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார் என்று நம்பிய கூட்டத்தில் இருந்தவர். 1812-இல் தொடங்கிய போருக்குப் போய்வந்த பிறகு மனம் மாறினார். பழைய நண்பர்கள், பைபிளில் இருக்கும் முரண்களுக்கு என்ன பதில் என்று கேலி செய்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் ஆதியாகமத்திலிருந்து வரிவரியாகப் படிக்க உட்கார்ந்தார். ஐயவாதியிடம் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் அவருடைய கணக்கு பிறந்தது. இது எனக்குப் பிடித்த விஷயம்.

கணக்கு இதுதான். தானியேல் 8:14, "இரண்டாயிரத்து முந்நூறு இராப்பகல் செல்லும்வரைக்கும் இருக்கும்; பின்பு பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும்" என்கிறது. எண்ணாகமத்திலும் எசேக்கியேலிலும் ஒரு நாளை ஒரு வருஷமாக எண்ணும் இடங்கள் உண்டு. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் 2300 வருஷம். எருசலேமுக்காகப் பாரசீக மன்னன் அர்தசஷ்டா கட்டளையிட்ட கி.மு. 457-இலிருந்து எண்ணினால் வருவது 1843. பரிசுத்த ஸ்தலம் என்பது இந்தப் பூமி, சுத்திகரிப்பு என்பது நெருப்பு என்று மில்லர் எடுத்துக்கொண்டார். கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவில் பூஜ்ய வருஷம் கிடையாது என்பதைப் பிறகுதான் கவனித்தார்கள். ஒன்று கூட்டினால் 1844. கடைசியில் சாமுவேல் ஸ்னோ என்பவர் யூதர்களின் பாவநிவாரண நாளை வைத்து அக்டோபர் 22 என்று நாள் குறித்தார். மில்லர் அந்தத் தேதியை ஏற்கத் தயங்கினார். அந்த மாதம் பிறந்த பிறகுதான் தலையாட்டினார்.

இங்கே நம்முடைய தமிழ் பைபிளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "இராப்பகல்" என்றால் நமக்கு முழுநாள். எபிரேய மூலத்தில் இருப்பது "சாயங்காலம், விடியல்" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. ஆலயத்தில் தினமும் மாலையில் ஒரு பலி, காலையில் ஒரு பலி. 2300 பலிகள் தவறின என்று படித்தால் கணக்கு 1150 நாள், அதாவது மூன்று வருஷத்துக்குச் சற்று மேல். அந்தியோக்கஸ் எபிபானஸ் என்ற மன்னன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி, பிறகு யூதர்கள் அதை மீட்டுச் சுத்திகரித்ததற்கு இடைப்பட்ட காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான், கி.மு. 167 முதல் 164 வரை. தமிழில் மொழிபெயர்த்தவர் "இராப்பகல்" என்று போட்டபோதே, தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்.

அந்தியோக்கஸ் வாதமும் புதிதல்ல. மூன்றாம் நூற்றாண்டில் போர்ஃபிரி என்ற தத்துவவாதி, தானியேல் புத்தகம் பாபிலோனில் எழுதப்பட்டதே இல்லை, அந்தியோக்கஸ் காலத்தில் இருந்த ஒருவர் நடந்து முடிந்ததை இனி நடக்கப்போவது போல எழுதியது என்றார். இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்வதும் இதைத்தான். போர்ஃபிரியின் நூல் எரிக்கப்பட்டது. அவர் என்ன சொன்னார் என்று நமக்குத் தெரிவது, அவரை மறுப்பதற்காகத் தானியேலுக்கு உரை எழுதிய புனித ஜெரோமின் புண்ணியத்தில். குண்டலகேசியின் பாடல்கள் சிலவற்றை எதிராளியான நீலகேசியின் உரை நமக்குக் காப்பாற்றித் தந்தது போல என்று வையுங்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த சண்டைக்கு வயது 1700.

சரி, அக்டோபர் 22-க்கு வருவோம். மில்லரை நம்பியவர்கள் ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். கடையைச் சாத்தியவர்கள் உண்டு, கடனை அடைத்தவர்கள் உண்டு. நியூ ஹாம்ப்ஷயரில் லெனர்ட் ஹேஸ்டிங்ஸ் என்ற விவசாயி உருளைக்கிழங்கைத் தோண்டாமல் நிலத்திலேயே விட்டுவிட்டார். தோண்டினால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். 22-ஆம் தேதி வந்தது, இரவு வந்தது, 23-ஆம் தேதியும் விடிந்தது. விடியும்வரை அழுதோம், அழுதோம் என்று அவர்களில் ஒருவரான ஹைராம் எட்சன் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த வருஷம் உருளைக்கிழங்கில் அழுகல் நோய். நேரத்தோடு தோண்டி வைத்த அக்கம்பக்கத்தாரின் கிழங்கெல்லாம் அழுகிப்போயின. நிலத்துக்குள் கிடந்த ஹேஸ்டிங்ஸின் கிழங்கு நவம்பரில் தோண்டியபோது நன்றாக இருந்தது, நல்ல விலைக்கும் போனது என்கின்றன, மில்லரின் வழியில் வந்த அட்வென்டிஸ்டு சபையாரின் வரலாறுகள். நீங்கள் கேலிக்கு எடுத்த கதையை எதிராளி சாட்சியாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், பாருங்கள்.

நீங்கள் கேட்ட "எப்படிச் சாகாமல்" என்பதற்குப் பதில் எட்சனிடம் இருக்கிறது. அழுது முடித்த காலையில் ஒரு சோள வயல் வழியாக நடந்துபோகும்போது அவருக்கு ஒன்று தோன்றியது. தேதி சரிதான். ஆனால் பரிசுத்த ஸ்தலம் பூமியில் இல்லை, பரலோகத்தில் இருக்கிறது. கிறிஸ்து அன்றைக்கு அங்கேதான் உள்ளே போனார். அவ்வளவுதான். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய இடத்திலிருந்து சம்பவம் கிளம்பி, யாராலும் பார்க்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது. 1863-இல் முறையாக அமைந்த ஏழாம்நாள் அட்வென்டிஸ்டு சபை இந்த விளக்கத்தின்மேல் எழுந்ததுதான்.

2011-லும் இதே ஏற்பாடு. வானொலிப் பிரசங்கியார் ஹெரால்டு கேம்பிங், சிலுவை மரணத்திலிருந்து 7,22,500-ஆவது நாள் என்று மே 21-ஐக் குறித்தார். ஐந்து, பத்து, பதினேழு ஆகியவற்றின் பெருக்கல்தொகையை வர்க்கமாக்கினால் அந்த எண் வரும். அன்று ஒன்றும் நடக்காதபோது, நியாயத்தீர்ப்பு ஆவிக்குரிய விதத்தில் நடந்துவிட்டது, உலகம் அழிவது அக்டோபர் 21-இல் என்றார். ஒரு வித்தியாசம் உண்டு. அக்டோபரும் கடந்த பிறகு, 2012-இல், நாள் குறித்ததே பாவம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அமெரிக்காவை விடுங்கள். உங்கள் ஊர் இருந்த அதே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், வித்வான் குட்டி என்று அழைக்கப்பட்ட ஜஸ்டஸ் ஜோசப் இருந்தார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். 1875-இல், இன்னும் ஐந்தரை வருஷத்தில் வருகை என்று அறிவித்தார். அதனால் அவரைப் பின்பற்றியவர்களுக்கு "அஞ்சரை வேதக்காரர்" என்றே பெயர் விழுந்தது. 1881 வந்தது, போனது. அதற்குப் பிறகுதான் யுயோமயம் என்று தனிச் சபையே பிறந்தது. அவர் எழுதிய மலையாளக் கீர்த்தனைகளைக் கேரளச் சபைகளில் இன்றும் பாடுகிறார்கள். தேதி போய்விட்டது, பாட்டு நின்றுவிட்டது.

நம் பக்கத்து அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மில்லரின் ஆட்கள் வெள்ளை அங்கி உடுத்திக் கூரைமேல் ஏறிக் காத்திருந்தார்கள் என்று ஐயவாதிகள் நூறு வருஷம் சொல்லிச் சிரித்தோம். 1944-இல் நிக்கல் என்ற அட்வென்டிஸ்டு எழுத்தாளர் உட்கார்ந்து தேடி, இதற்கு உருப்படியான ஆதாரம் ஒன்றுகூட இல்லை என்று காட்டினார். அப்புறமும் நாம் அந்தக் கதையை விடவில்லை. பொய்த்த பிறகும் விடாமல் பிடித்துக்கொள்வது அவர்களுக்கு மட்டும் உள்ள வியாதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாதாடலாமா என்று கேட்டீர்கள். வாதாடுங்கள். ஆனால் தேதிகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நாள் குறிப்பவர்களைப் பலமாக எதிர்த்தவர்கள் எப்போதும் விசுவாசிகள்தான். மில்லர் காலத்திலேயே மோசஸ் ஸ்டூவர்ட் போன்ற இறையியல் பேராசிரியர்கள், தானியேல் சொன்ன நாள் வெறும் நாள்தான், வருஷமில்லை என்று அவரை மறுத்து எழுதினார்கள். "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதா ஒருவர் தவிர யாரும் அறியார் என்ற வசனம் பெரியப்பாவுக்கு மனப்பாடமாகவே இருக்கும். அதற்கு இரண்டு வசனம் முன்னால், இவையெல்லாம் நடக்கும் முன்னே "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்று இருக்கிறது. எந்தச் சந்ததி என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டு நின்றவர்களா, யூத இனமா, அடையாளங்களைப் பார்க்கப்போகும் கடைசித் தலைமுறையா? மூன்று பதிலும் சபைகளுக்குள்ளேயே உண்டு. அவர் எதைச் சொல்கிறார் என்று பாருங்கள்.

அவர் இரகசிய வருகையை நம்புகிறவர் என்றால் இன்னொன்றும் கேட்கலாம். விசுவாசிகள் முதலில் ரகசியமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள், பிறகு உபத்திரவ காலம் என்ற வரிசையைப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. 1830-களில் உருவான போதனை அது. கத்தோலிக்கரும் லுத்தரன்களும் இன்றுவரை அதை ஏற்கவில்லை. டார்பி இருந்த பிரதரன் என்ற சபைப் பிரிவின் வட்டத்தைச் சேர்ந்த அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் 1833-இல் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையின் அருளப்பன் அவரோடு சேர்ந்து ஊழியம் செய்தவர். இருநூறு வயதுகூட ஆகாத ஒரு வாசிப்பு, ஆதியிலிருந்தே இருந்தது போல நம் ஊர் மேடைகளில் பேசப்படுகிறது.

இவற்றைக் கேட்டால் அவர் மாறிவிடுவாரா? மாட்டார். ஆனால் பைபிளை எடுத்துவந்து உங்களுக்குப் பக்கத்தில் உட்காருவார். தண்ணீர் விடப் போகமாட்டார்.

அந்தத் தென்னம்பிள்ளைகளைப் பற்றி நீங்கள் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். நெட்டையா, குட்டையா? குட்டை என்றால் மூன்று நான்கு வருஷத்தில் காய்த்துவிடும். நெட்டை என்றால் ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது எது என்று கேட்டு எழுதுங்கள்.