அகன்ற இலையா, ஒடுங்கிய இலையா: எக்கினேசியா இனங்களைப் பிரித்தறிவது எப்படி?

கேள்வி: கோத்தகிரி வட்டம் கட்டபெட்டு அருகே, முன்பு கேரட் போட்டுவந்த கால் ஏக்கர் மேட்டு நிலத்தில், ‘எக்கினேசியா அங்குஸ்டிஃபோலியா’ என்ற மருந்துச் செடி என்று சொல்லி விற்கப்பட்ட விதையை நாற்றுவிட்டு நட்டேன். இப்போது இரண்டாம் ஆண்டு. பெரும்பாலான செடிகள் அகன்ற இலையோடு இடுப்புயரம் வளர்ந்து, சிவப்பு கலந்த ஊதா நிறத்தில் பூத்துள்ளன. முப்பது, நாற்பது செடிகள் மட்டும் குட்டையாக, ஒடுங்கிய இலையோடு நிற்கின்றன. அவற்றில் சில வெளிறிய இதழோடு பூத்துள்ளன. வேர் வாங்க வருபவர் அங்குஸ்டிஃபோலியா மட்டுமே வேண்டும் என்கிறார். என்னிடம் இருப்பது எந்த இனம்? கலந்திருந்தால் எப்படிப் பிரிப்பது?

பதில்: அன்புள்ள அம்மா, வணக்கம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அகன்ற இலையோடு வளர்ந்திருப்பவை அங்குஸ்டிஃபோலியா அல்ல, பெரும்பாலும் பர்ப்பூரியா என்ற இனமாகவே இருக்கும். ஒடுங்கிய இலைச் செடிகள் அங்குஸ்டிஃபோலியாவாகவும் இருக்கலாம், பாலிடா என்ற மற்றோர் எக்கினேசியா இனமாகவும் இருக்கலாம். அதைச் செடியைத் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கான வழியைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதுவரை எந்தச் செடியையும் பிடுங்கிவிட வேண்டாம்.

விதையிலேயே பெயர் மாறிவிடுவது இந்தப் பயிரில் புதிதல்ல. 1930களில் ஜெர்மனியைச் சேர்ந்த மருந்துத் தயாரிப்பாளர் கெர்ஹார்டு மடாவுஸ், இந்தச் செடியின் தாயகமான அமெரிக்காவுக்கே சென்று அங்குஸ்டிஃபோலியா விதை என்று கேட்டு வாங்கி வந்தார்; விதைத்து வளர்த்தபோது அது பர்ப்பூரியாவாக இருந்தது. ஐரோப்பாவில் பர்ப்பூரியா மருந்துகள் பரவியதற்கு அந்த விதையும் ஒரு காரணம். ஆகவே உங்கள் கவனக்குறைவால் இது நேர்ந்தது என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

முதலில் இலையைப் பாருங்கள். பூவைவிட இலைதான் நம்பத்தக்கது, அதிலும் தரையை ஒட்டி நிற்கும் அடியிலைதான் சரியான சாட்சி. பர்ப்பூரியாவின் அடியிலை முட்டை வடிவில் அகன்று, நீண்ட காம்போடு இருக்கும். விளிம்பில் விரலை ஓட்டினால் ரம்பப் பல் போன்ற வெட்டுகள் தட்டுப்படும். அங்குஸ்டிஃபோலியா, பாலிடா இரண்டிலும் இலை நீண்டு ஒடுங்கியிருக்கும், விளிம்பில் பல்வெட்டு இருக்காது, நரம்புகள் அடியிலிருந்து நுனியை நோக்கி ஏறக்குறைய இணையாக ஓடும், மேற்பரப்பில் சொரசொரப்பான மயிர் கையில் உறுத்தும். பர்ப்பூரியாவிலும் தண்டின் உச்சிக்கு அருகில் உள்ள இலைகள் ஒடுங்கி, பல்வெட்டுக் குறைந்து காணப்படும் என்பதால், மேலிலையை மட்டும் கிள்ளிக்கொண்டு வந்து காட்டினால் யாரும் தவறிப்போகக்கூடும்.

ஒடுங்கிய இலைச் செடிகளுக்குள் இரண்டு இனங்களையும் பிரிப்பதற்கு மகரந்தத்தின் நிறம் மிக எளிய அடையாளம். பூவின் நடுவில் முள்போல் நிற்கும் கூம்பில், சிறு பூக்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி வட்டம் வட்டமாக விரியும். காலை வெயில் ஏறிய பிறகு, அன்று புதிதாக விரிந்த வட்டத்தைக் கறுப்புத் துணியின் மேல் கவிழ்த்து மெல்லத் தட்டுங்கள். விழும் தூள் மஞ்சளாக இருந்தால் அங்குஸ்டிஃபோலியா என்று கொள்ளலாம்; வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் பாலிடாதான். மழையில் நனைந்த பூவையும், விரிந்து பல நாள் ஆகிப் பழுப்பேறிய பூவையும் இதற்கு எடுக்க வேண்டாம். பர்ப்பூரியாவின் மகரந்தமும் மஞ்சள்தான் என்பதால், இலையைப் பார்த்துப் பிரித்த பிறகே இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு.

ஓர இதழின் நீளமும் உதவும். அங்குஸ்டிஃபோலியாவின் இதழ் ஏறக்குறைய 2 முதல் 4 செ.மீ. வரை குட்டையாக, பக்கவாட்டில் விரிந்தோ சற்றுக் கீழ்நோக்கியோ நிற்கும். பாலிடாவின் இதழ் 4 முதல் 9 செ.மீ. வரை நீண்டு, ஒடுங்கி, தண்டை ஒட்டித் தொங்கும். நீங்கள் குறிப்பிட்ட வெளிறிய நிறம் பாலிடாவை நினைவூட்டினாலும், நிறத்தை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு விவசாயி கொண்டுவந்த பூவின் படத்தில் வெளிறித் தொங்கிய இதழைப் பார்த்துப் பாலிடா என்று சொல்லிவிட்டேன். தோட்டத்துக்குப் போய் அடியிலையைப் பார்த்தபோது அது முதிர்ந்து வெளுத்த பர்ப்பூரியா. அன்றிலிருந்து அடியிலையும் வேரும் இல்லாமல் இனத்தின் பெயரைச் சொல்வதில்லை.

வேரைப் பார்க்க ஒவ்வொரு வகையிலும் ஒரு செடியை மட்டும் முழுதாகத் தோண்டி எடுங்கள். பர்ப்பூரியாவுக்குக் கிழங்குபோல் குறுகிய அடித்தண்டிலிருந்து கொத்தாகச் சல்லிவேர்கள் கிளம்பும். மற்ற இரண்டும் கேரட்டைப்போல் நேராகக் கீழிறங்கும் ஆணிவேர் உடையவை. கழுவிய வேரில் ஒரு சிறு துண்டை மென்றால், பர்ப்பூரியாவும் அங்குஸ்டிஃபோலியாவும் அக்கரகாரத்தை மென்றதுபோல் நாக்கில் விறுவிறுப்பும் மரத்துப்போன உணர்வும் தரும், பாலிடாவில் அந்த உணர்வு பெரும்பாலும் இருக்காது. செவ்வந்தி, பார்த்தீனியம் போன்றவற்றால் ஒவ்வாமை வருபவர்கள் இதை வாயில் வைக்கவே கூடாது, ஏனெனில் இவை எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள்.

பார்த்தீனியம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் தரிசுகளில் படரும் களையின் பேரினத்தைச் சேர்ந்த, பார்த்தீனியம் இன்டெக்ரிஃபோலியம் என்ற அமெரிக்கச் செடியின் வேர், எக்கினேசியா வேரோடு கலக்கப்படும் பொருளாக வணிகத்தில் அறியப்பட்டது. அதன் பூக்கள் வெள்ளையாகச் சிறிதாக இருக்கும் என்பதால் தோட்டத்தில் குழப்பம் வராது, காய்ந்த வேரில்தான் வரும். தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கும் ருட்பெக்கியாவும் ஒத்த வடிவம் உடையதுதான். ஆனால் எக்கினேசியாவின் கூம்பை உள்ளங்கையால் அழுத்தினால் விறைத்த செதில்முனைகள் குத்தும், ருட்பெக்கியாவில் அப்படிக் குத்தாது. முள்ளெலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எக்கினேசியா என்ற பெயர் வந்ததும் இந்த முள்முனைகளால்தான்.

நம் மலையின் நிலைமையும் உங்கள் தோட்டத்தில் எது தழைக்கிறது என்பதை விளக்குகிறது. அங்குஸ்டிஃபோலியா வறண்ட, சுண்ணாம்புச் சத்துள்ள புல்வெளி மண்ணுக்குப் பழகியது. நீலகிரியின் அமில மண்ணும், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் நாட்கணக்கில் நிற்கும் ஈரமும் அதன் ஆணிவேரை அழுகவைக்கும். அதன் விதையும் ஈரக் குளிரில் சில வாரம் வைத்த பிறகே சீராக முளைக்கும், பர்ப்பூரியாவோ அவ்வளவு அடம் பிடிக்காது. ஆகவே கலப்பு விதையை நேராக நாற்றங்காலில் தூவினால் பர்ப்பூரியாவே முந்திக்கொண்டு முளைப்பது இயல்பு. பூப்பதற்குப் பர்ப்பூரியாவுக்கு 13 முதல் 15 மணி நேரப் பகல் உகந்தது. நம் மலையில் ஜூன் மாதத்து நீண்ட பகலே ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். எனவே சில செடிகள் தரையோடு இலைக்கொத்தாகவே நின்றுவிட்டால், அதை நோய் என்று எண்ணி மருந்து அடிக்க வேண்டாம்.

வாங்குபவர் இனத்தில் கண்டிப்பாக இருப்பதற்கு நியாயம் உண்டு. எக்கினகோசைடு என்ற பொருள் அங்குஸ்டிஃபோலியா, பாலிடா வேர்களில் உண்டு, பர்ப்பூரியா வேரில் இல்லை. சைனரின் என்ற பொருள் அங்குஸ்டிஃபோலியாவை மட்டும் காட்டிக்கொடுக்கும். பர்ப்பூரியாவில் சிக்கோரிக் அமிலம் மிகுதி. ஆய்வகத்தில் பெயர் மாற்றம் உடனே தெரிந்துவிடும் என்பதால், உங்கள் அகன்ற இலைச் செடிகளைப் பர்ப்பூரியா என்ற பெயரிலேயே விலை பேசுங்கள். அதன் வேருக்கு மட்டுமன்றி, பூக்கும் பருவத்தில் அறுக்கும் தண்டு, இலை, பூவுக்கும் மருந்துத் தொழிலில் தேவை உண்டு. எனவே வேர் வாங்குபவர் மறுத்தாலும் உங்கள் உழைப்பு வீண் அல்ல.

எழுத்துமூலமான உறுதி வேண்டுமென்றால், அடியிலை, பூ, வேர் மூன்றும் சேர்ந்த முழுச்செடியைச் செய்தித்தாள் மடிப்பில் அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தை அணுகுங்கள்.

இந்த வாரமே ஒடுங்கிய இலைச் செடிகளுக்கு, மஞ்சள் மகரந்தம் உள்ளவற்றில் மஞ்சள் நூலும் வெள்ளை மகரந்தம் உள்ளவற்றில் வெள்ளை நூலும் கட்டிவிடுங்கள். பூக்காதவற்றை நூலின்றி விட்டு அடுத்த பூப்பில் பாருங்கள். எக்கினேசியா தன் மகரந்தத்தால் பெரும்பாலும் விதை பிடிக்காது, தேனீக்கள் செடிக்குச் செடி கொண்டுபோய்ச் சேர்த்தே விதை பிடிக்கிறது. அதனால் இப்போது இந்த நிலத்தில் சேரும் விதை கலப்பு விதையே. அதை அடுத்த நடவுக்கு எடுக்காதீர்கள். மழை ஓய்ந்ததும், நூல் கட்டிய அங்குஸ்டிஃபோலியாவை இளம் செடியாக இருக்கும்போதே வேர்மண் உதிராமல் எடுத்து, மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் தூளை மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு இட்ட, ஒரு முழம் உயர்ந்த மேட்டுப்பாத்தியில் தனியாக நட்டுவையுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கிவிட்ட செடியாக இருந்தால் இடம் மாற்ற வேண்டாம், சுற்றிலும் வடிகால் வெட்டினால் போதும்.