மாமனார், மாமியார், ஒரு கப்பல்

வணக்கம் சார்,

வரும் மே மாத விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, பினாங்கு, புக்கெட் போய்விட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும் நான்கு இரவுக் கப்பலில் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 11 வயது மகன், மாமனார், மாமியார் என்று ஐந்து பேர். மாமனாருக்கு 74 வயது, மூட்டுவலி உண்டு. மாமியார் முட்டைகூடத் தொடமாட்டார். சின்ன எலக்ட்ரிக் குக்கர் ஒன்றை இப்போதே துடைத்து எடுத்துவைத்துவிட்டார். ஏஜென்ட் “எல்லாம் அடக்கம்” என்று ஒரு தொகை சொல்லி, இந்த வாரமே முழுப் பணத்தையும் கட்டச் சொல்கிறார். “ரூமுக்குள்ள யாரு உக்காரப் போறாங்க, ஜன்னல் இல்லாததே போதும்” என்கிறார் கொழுந்தனார். கணவரின் நண்பர் ஒருவர் “அது மிதக்கும் ஜெயில்” என்று பயமுறுத்துகிறார். எந்த அறை எடுப்பது? கப்பல் ரொம்ப ஆடுமா? பெரியவர்களுக்கு இது சரிப்படுமா?

உமா, ஈரோடு

அன்புள்ள உமா,

முதலில் அந்தக் குக்கரை எடுத்து அலமாரியில் வையுங்கள். கப்பலில் ஏறும்போது பெட்டிகள் எக்ஸ்ரே வழியாகத்தான் போகும். குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, மெழுகுவத்தி எல்லாவற்றையும் அங்கேயே எடுத்துவைத்துவிடுவார்கள். கப்பலில் தீ என்றால் ஓடிப்போய் நிற்கத் தெரு கிடையாது, அதனால் இதில் தாட்சண்யம் பார்க்கமாட்டார்கள். வீட்டில் சமைத்த புளியோதரைக்கும் பெரும்பாலும் அனுமதி இல்லை. சீல் பிரிக்காத முறுக்கு, பருப்புப்பொடி பாக்கெட் பரவாயில்லை.

சாப்பாட்டைப் பற்றி மாமியார் கவலைப்படவே வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய. பஃபேயில் சோறு, பருப்பு, சப்பாத்தி, இரண்டு காய் கிடைத்துவிடும். அது வடநாட்டு ருசியாக இருக்கும் என்பதுதான் குறை. புக் செய்யும்போதே “முட்டை இல்லாத இந்தியச் சைவம்” என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏறியதும் முதல் நாள் இரவே பெரிய உணவுக்கூடத்தின் தலைமைப் பரிமாறுபவரைப் பார்த்து நேரிலும் ஒருமுறை சொல்லிவையுங்கள். மறுநாளுக்கு என்ன வேண்டும் என்று முந்தின இரவே கேட்டுக்கொண்டு செய்து கொடுப்பார்கள். இந்த ஒரு பேச்சுக்கு இருக்கிற பலன் ஐந்து மின்னஞ்சலுக்கு இல்லை.

இனி பணம். ஏஜென்ட் சொல்லும் “எல்லாம் அடக்கம்” எனக்கு உறுத்துகிறது. கப்பல் கட்டணத்தில் அறை, பஃபே, பெரிய உணவுக்கூடம், நிகழ்ச்சிகள், நீச்சல்குளம் இவ்வளவுதான் வழக்கமாக அடக்கம். துறைமுகக் கட்டணமும் வரியும் தனி. பணியாளர் டிப்ஸ் என்று ஒன்று ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தானாகவே உங்கள் கணக்கில் ஏறும். பெரிய நிறுவனங்களில் சுமார் 18 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேருக்கு நான்கு இரவுக்கு 360 டாலர். உங்கள் பையனுக்கும் சேர்த்துத்தான். வைஃபை தனி, குளிர்பானம் தனி, சிறப்பு உணவகங்கள் தனி, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பது தனி. ஆகவே ஏஜென்டிடம் இவை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு, எது உள்ளே எது வெளியே என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மதுபான பேக்கேஜ் எதையாவது சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். பல கப்பல்களில் ஒரு அறையில் ஒருவர் அதை வாங்கினால் அந்த அறையில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் வாங்கியாக வேண்டும். உங்கள் மாமியார் பெயரில் காக்டெயில் கணக்கு வேண்டாம்.

ஏஜென்ட் மூலம் போவதில் தப்பில்லை. அவருக்குக் கமிஷன் கொடுப்பது கப்பல் நிறுவனம். ஆனால் முன்பணம் கட்டிய கையோடு, கப்பல் நிறுவனத்தின் புக்கிங் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஏஜென்சியின் ரசீது எண் போதாது. அந்த எண்ணை நிறுவனத்தின் ஆப்பில் போட்டால் உங்கள் ஐந்து பேரின் பெயரும் அறை எண்ணும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேற்கொண்டு ஒரு ரூபாய் கட்டாதீர்கள். ரத்து செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், பயணம் நெருங்க நெருங்க அந்தத் தொகை கரைந்துகொண்டே போகும். பில்லில் டி.சி.எஸ். என்று ஒரு வரி இருந்தால் பதற வேண்டாம். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்கு இங்கே பிடிக்கிற முன்வரி அது, வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். யாருடைய பான் எண்ணில் பிடிக்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

பெயர் விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள தலைவலி. பாஸ்போர்ட்டில் மாமனாருக்குக் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கலாம், அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கலாம். கப்பல் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். ஏஜென்ட் இனிஷியலைப் போட்டு ஒப்பேற்றிவிடுவார். பாஸ்போர்ட், விமான டிக்கெட், கப்பல் டிக்கெட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பாஸ்போர்ட் பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூருக்குள் நீங்கள் இரண்டு தடவை நுழைகிறீர்கள், விமானத்தில் ஒருமுறை, கப்பலில் திரும்பும்போது ஒருமுறை. ஆகவே விசா பலமுறை நுழைவதற்கானதா என்று பார்க்க வேண்டும். மலேசியா, தாய்லாந்து விசா விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, கிளம்புமுன் அரசுத் தளங்களில் பாருங்கள். “நாங்கள் புக்கெட்டில் இறங்கப் போவதில்லை” என்று சொன்னாலும், தேவையான விசா இல்லாவிட்டால் சிங்கப்பூரிலேயே ஏற்றமாட்டார்கள்.

அறை. கொழுந்தனார் சொல்வது உங்களுக்குச் சரி, பெரியவர்களுக்குத் தப்பு. நீங்களும் பையனும் காலையில் கிளம்பினால் இரவு தூங்கத்தான் வருவீர்கள், ஜன்னல் இல்லாத அறை தாராளம். மூன்றாவது ஆளுக்குக் கட்டணமும் குறைவு, மேலிருந்து இறங்கும் படுக்கையைப் பார்த்தால் பையன் அதைவிட்டு நகரமாட்டான். மாமனார் மாமியாருக்குப் பால்கனி அறை எடுங்கள். நாளெல்லாம் அறையில் இருக்கப் போவது அவர்கள்தான். ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் மணி பகல் பன்னிரண்டா இரவு பன்னிரண்டா என்று தெரியாது. வயதானவர்களுக்கு அது ஆகாது.

எந்தத் தளம் என்பதை வரைபடம் பார்த்து நீங்களே தேர்ந்தெடுங்கள். கப்பலின் நடுப்பகுதி, நடுத்தரத் தளம், லிஃப்டுக்குப் பக்கம். இந்தக் கப்பல்கள் சுமார் 300 மீட்டர் நீளம், கோடி அறை கிடைத்தால் மாமனார் காபி குடிக்கப் போய்வருவதற்குள் மூட்டு கெஞ்சும். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் அறைகளே இருக்கிற தளமாகப் பாருங்கள். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே என்றால் விடியற்காலையில் நாற்காலிகளைத் தரதரவென்று இழுக்கும் சத்தம் எழுப்பிவிடும். சில பால்கனிகளுக்கு எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும், அதை மறைக்காமல் சொல்கிறார்களா என்று பாருங்கள். “கேரண்டி” என்று மலிவாக ஒரு வகை விற்பார்கள். அதில் அறையை நிறுவனம்தான் ஒதுக்கும். இரண்டு பேர் தனியாகப் போனால் அதை எடுக்கலாம், உங்களுக்கு வேண்டாம். முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை என்று பிரித்துப் போட்டுவிடுவார்கள். குளியலறை வாசலில் உயரமான படி ஒன்று இருக்கும், முதல் நாளே மாமனாருக்குக் காட்டிவிடுங்கள்.

கப்பல் ஆடுமா என்றால், பாதி வழி ஆடாது. சிங்கப்பூரிலிருந்து பினாங்குவரை மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியத் தீபகற்பம், பெரிய அலைக்கு இடமில்லை. பினாங்கைத் தாண்டி வடக்கே போனால் அந்தமான் கடல் திறந்துகொள்ளும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம். அங்கே கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம். மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும், தலை சுற்றிய பிறகு போட்டுப் பெரிய பிரயோஜனம் இல்லை. பெரியவர்கள் மற்ற மருந்துகள் சாப்பிடுவதால் எந்த மாத்திரை என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். தலை சுற்றினால் அறைக்குள் படுக்காமல் வெளியே வந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இஞ்சி மிட்டாயும் கைகொடுக்கும்.

புக்கெட்டைப் பற்றி எச்சரிக்கை ஒன்று. பாட்டோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் நங்கூரம் போட்டால், சிறிய படகில் இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும். ஆடுகிற படகில் கால் வைத்து இறங்குவது மூட்டுவலிக்காரருக்கு நல்லதல்ல. அலை அதிகமானால் கேப்டன் புக்கெட்டையே விட்டுவிட்டுப் போகலாம், ஒப்பந்தத்தில் அதற்கு உரிமை உண்டு. துறைமுகக் கட்டணம் திரும்பும், பயணக் கட்டணம் திரும்பாது. ஆகவே புக்கெட்டில் தீவுச் சுற்றுலா எதற்கும் வெளியில் முன்பணம் கட்டாதீர்கள். கடிகாரமும் ஒரு வில்லங்கம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. சில கப்பல்கள் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும், சில மாற்றிக்கொள்ளும். கரையில் கால் வைத்ததும் உங்கள் ஃபோன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்குப் போய்விடும். “ஐந்து மணிக்குள் வந்துவிடுங்கள்” என்று கப்பல் சொல்லியிருக்க, ஃபோனில் நான்குதான் ஆகிறது என்று நீங்கள் இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். கப்பல் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொண்டு அதை மட்டும் பாருங்கள். கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள், தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்கமாட்டார்கள்.

என்னைக் கேட்டால் புக்கெட் அன்று நீங்கள் மூவரும் இறங்குங்கள், பெரியவர்கள் கப்பலிலேயே இருக்கட்டும். கப்பல் நன்றாக இருப்பதே அன்றைக்குத்தான். நீச்சல்குளம் காலி, லிஃப்ட் காலி, பஃபேயில் வரிசை கிடையாது. ஜெயில் என்று சொன்ன நண்பர் எல்லா ஊரிலும் இறங்கி ஓடி, கடைசியாக மூச்சு வாங்க ஏறியவராக இருப்பார்.

பினாங்கு வேறு கதை. அங்கே அவர்களை அவசியம் இறக்குங்கள். வேறு சில கப்பல்களின் விளம்பரத்தில் “கோலாலம்பூர்” என்று போட்டிருக்கும், கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகமாக இருக்கும், நகரத்துக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். “பாங்காக்” என்றால் லேம் சபாங், இரண்டு மணி நேரம். பினாங்கில் அந்த ஏமாற்று இல்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் வாசலிலேயே ஜார்ஜ் டவுன். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். கார்ன்வாலிஸ் கோட்டையைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் லிட்டில் இந்தியா, குவீன் தெருவில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். மாமனாரை டாக்ஸியில் அங்கே கொண்டுபோய் விடுங்கள். பூக்கட்டும் கடை, வெற்றிலை, ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு, இட்லி, ஃபில்டர் காபி எல்லாம் உண்டு. மாமியார் நாலு நாளுக்கான சாம்பாரை அங்கேயே முடித்துக்கொள்வார்.

மாமனாரிடம் ரஜூலா கப்பலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1926-ல் கட்டியது. 1970-களின் தொடக்கம்வரை சென்னையிலிருந்து நாகப்பட்டினம் தொட்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அறை எடுக்கக் காசில்லாதவர்கள் டெக்கில் பாய் விரித்துப் படுத்துத்தான் போனார்கள். அவர் தலைமுறையில் சொந்தத்திலோ தெருவிலோ அப்படிப் போன ஒருவராவது இருப்பார்.

ஏறியதும் ஒரு பாதுகாப்புப் பயிற்சி உண்டு. தட்டிக்கழிக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற பயணக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை புதிதாக ஏறியிருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்தப் பயிற்சி நடக்கவே இல்லை, மறுநாளைக்கு வைத்திருந்தார்கள். இப்போது கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ நடத்த வேண்டும் என்பது சர்வதேச விதி. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் என்ற அபாய ஒலி கேட்டால் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதைப் பையனிடம் ஒப்படைத்துவிடுங்கள், அவன் மறக்கமாட்டான்.

மற்றவை சில்லறை. ஃபோனை விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுக்கடலில் கப்பலின் செல்ஃபோன் சிக்னலோடு ஒட்டிக்கொண்டால் பில் பயங்கரமாக வரும். சானிடைசரை மட்டும் நம்பாமல் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கப்பலில் பரவும், வாந்திபேதி தரும் நோரோ வைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக அசையாது. கப்பல் டாக்டர் கட்டணம் அதிகம், மருத்துவச் செலவு அடங்கிய பயணக் காப்பீடு ஐந்து பேருக்கும் எடுங்கள். டெர்மினலில் சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சிங்கப்பூரில் கப்பல் டெர்மினல்கள் இரண்டு உண்டு, மரீனா பே ஒன்று, ஹார்பர்ஃப்ரண்ட் ஒன்று. டாக்ஸியில் ஏறுமுன் டிக்கெட்டில் எது என்று பாருங்கள். பெரிய பெட்டிகளை டெர்மினலில் கொடுத்துவிட்டால் சாயங்காலம்தான் அறைக்கு வரும். மாத்திரை, பாஸ்போர்ட், பையனின் நீச்சல் உடை கைப்பையில் இருக்கட்டும்.

கப்பல் கிளம்பும் நாள் காலையில் சிங்கப்பூரில் வந்து இறங்குகிற மாதிரி விமானம் போடாதீர்கள், முந்தின நாளே போய்விடுங்கள். திரும்பும்போது கப்பல் காலையிலேயே வந்துவிட்டாலும் இறங்கி, குடிநுழைவு முடித்து, டாக்ஸி பிடிக்க நேரமாகும். பிற்பகல் விமானமே நிம்மதி. கடைசி இரவு பெட்டிகளைக் கட்டி வராந்தாவில் வைக்கச் சொல்வார்கள், இரவோடு இரவாக எடுத்துப்போய்விடுவார்கள். மறுநாளைக்கு உடுத்த ஆளுக்கு ஒரு செட் துணியை வெளியே எடுத்துவைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள். கப்பல் கொடுத்த குளியல் அங்கியோடு வரவேற்பு மேசையில் வந்து நின்ற ஒரு கனவானை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய பேன்ட் அதற்குள் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டிருந்தது.

அன்புடன்