தினம் ஒரு பழமொழி எழுதும் பலகைக்கு, வாட்ஸ்அப்பில் வரும் ‘உண்மையான அர்த்தங்களை’ நம்பலாமா?

கொழும்பில் ஒரு தமிழ் மொழிமூலப் பாடசாலை. வாசல் பக்க அறிவித்தல் பலகையில் தினமும் காலையில் ஒரு பழமொழி எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. ‘நாம் இவ்வளவு நாளும் பிழையாகச் சொல்லிவரும் பழமொழிகள்’ என்று சுற்றிவரும் பட்டியலை அப்படியே எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுத வேண்டாம். அந்தப் பட்டியலில் இருப்பதில் பெரும்பகுதி பிற்காலத்தில் ஆட்கள் கட்டிய விளக்கம். பிள்ளைகள் பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார்கள், வீட்டில் போய்ச் சொல்வார்கள், அப்பம்மா சரியாகச் சொன்னதை ‘பிழை’ என்று திருத்துவார்கள். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

மிகவும் பரவியதையே எடுப்போம். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ பிழையாம், ‘ஆயிரம் வேரைக் கொண்டவன்’ என்பதுதான் சரியாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, மூலிகை வேர், நாட்டு வைத்தியம் எல்லாம் பொருந்துகிறது. ஆனால் சமஸ்கிருதத்தில் ஒரு பழைய வாசகம் உண்டு: ‘சதமாரீ பவேத் வைத்யஹ, சஹஸ்ரமாரீ சிகித்சகஹ’. நூறு பேரைக் கொன்றவன் வைத்தியன் ஆகிறான், ஆயிரம் பேரைக் கொன்றவன் சிகிச்சை செய்பவன் ஆகிறான் என்பது அதன் பொருள். வைத்தியனைக் கிண்டல் செய்யும் இதே பேச்சு பக்கத்து மொழியில் இருக்கும்போது, தமிழில் மட்டும் அது வேரில் தொடங்கி ஆளில் வந்து நின்றது என்று சொல்ல என்ன ஆதாரம்? நோயாளிகள் வழியாகத்தான் வைத்தியன் கற்றுக்கொள்கிறான் என்ற கசப்பான உண்மை அதற்குள் இருக்கிறது. வேர் போட்டவுடன் அந்தக் கசப்பு போய்விடுகிறது, பழமொழியும் கூடவே போய்விடுகிறது.

‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்பதும் அப்படித்தான். ‘கழு’ என்று ஒரு கோரைப்புல், அதைப் பாய்க்குத் தைத்தால் கற்பூர வாசனை தெரியுமாம், ‘கழு தைக்கத் தெரியுமாம்’ என்று பிரிக்கிறார்கள். கன்னடத்தில் ‘கத்தெகேனு கொத்து கஸ்தூரி பரிமள’ என்பார்கள்: கழுதைக்கு என்ன தெரியும் கஸ்தூரியின் மணம். அங்கே ‘கத்தெ’யை வெட்டிப் புல்லாக்க முடியாது. அது கழுதைதான். தமிழிலும் கழுதைதான்.

‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்பதை ‘சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையில், அதாவது கருப்பையில், பிள்ளை வரும்’ என்று மாற்றியதுதான் எல்லாவற்றிலும் பிரபலம். இந்த விளக்கம் எப்படி எடுபட்டது என்பது என் ஊகம், ஆனால் சொல்லத் தகும். தமிழ்நாட்டு நகரங்களில் அகப்பை என்ற சொல் பேச்சிலிருந்து ஒதுங்கிக் கரண்டி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. புழங்காத சொல் புதிராகத் தெரியும், புதிருக்கு ஆட்கள் விடை தேடுவார்கள். இங்கே அந்தத் தேவையே இல்லை. சிரட்டையில் காம்பு செருகிய அகப்பை இன்றைக்கும் நம் குசினிகளில் தொங்குகிறது. அகப்பை என்றால் என்ன என்று தெரிந்த பிள்ளைக்கு, பானையில் இல்லாத சோறு கரண்டிக்கு வராது என்பது ஒரு வினாடியில் விளங்கும்.

இதை எழுதியதும் ‘முருகனுக்கு எதிராக எழுதுகிறான்’ என்று கீழே யாராவது வருவார்கள். இல்லை. பிரசங்கத்தில் சஷ்டி விரதத்தின் பெருமையைச் சொல்ல ஒருவர் அந்தச் சிலேடையை எடுத்தால் அது பிரசங்கியாரின் சாமர்த்தியம், கேட்கலாம், ரசிக்கலாம். ‘இதுதான் மூலம், மற்றது பிழை’ என்று பலகையில் எழுதுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இனி எப்படிச் சரிபார்ப்பது என்பது. முதலில் பழைய அச்சில் தேடுங்கள். பீட்டர் பேர்சிவல் என்ற மிஷனரி 1840களில் யாழ்ப்பாணத்திலேயே ஒரு பழமொழித் தொகுப்பை அச்சிட்டார். ஆறுமுக நாவலரைக் கூட வைத்துக்கொண்டு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்த அதே பேர்சிவல். பிறகு 1874இல் சென்னையில் 6,000க்கு மேற்பட்ட பழமொழிகளோடு அதைப் பெருப்பித்தார். ஜோன் லாசரஸின் பழமொழி அகராதி 1894இல் வந்தது. ஹெர்மன் ஜென்சனின் தொகுப்பு 1897இல் வந்தது. ஜென்சன் பொருள்வாரியாகப் பிரித்திருப்பதால் உங்கள் வேலைக்கு அதுதான் மிகவும் உதவும். கோபம், கஞ்சத்தனம், வீண்பேச்சு என்று மனித குணத்தை வைத்துத் தேடலாம். இவை ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கி.வா. ஜகந்நாதனின் பெரிய தொகுப்பும் உண்டு. கையில் புத்தகமாகப் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளவத்தையில் 57ஆவது ஒழுங்கைப் பக்கம் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போங்கள். ஈழத்துத் தொகுப்புகளுக்கு ‘நூலகம்’ இணையத்தளத்தில் தேடுங்கள். 150 வருடத்துக்கு முந்திய அச்சில் ‘பேரைக் கொன்றவன்’ என்று இருந்து, ‘வேரைக் கொண்டவன்’ எங்கேயும் இல்லையென்றால் வேலை முடிந்தது.

அடுத்தது காது. திருத்திய வடிவத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ‘கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை’ என்று எந்தக் காலத்திலாவது எந்த வீட்டிலாவது யாராவது யாருக்காவது சொல்லியிருப்பார்களா, சொன்னால் எதற்காகச் சொன்னார்கள்? பதில் வரவில்லையென்றால் அது பழமொழி இல்லை, வெறும் தகவல்.

ஆனால் ஊருக்கு ஊர் சொல் மாறுவதை இதோடு போட்டுக் குழப்பக் கூடாது. ‘ஆடத் தெரியாதவள்’, ‘ஆட மாட்டாதவள்’, ‘கூடம் கோணல்’, ‘முற்றம் கோணல்’ எல்லாமே வாய்வழியாக வந்தவை, எல்லாம் சரி. மட்டக்களப்புப் பிள்ளை ஒரு விதமாகவும் ஹட்டனிலிருந்து வந்த பிள்ளை இன்னொரு விதமாகவும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

இன்னொரு பிழை, எல்லா நல்ல வாக்கியத்தையும் பழமொழி என்று போடுவது. ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’, ‘ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும்’ இரண்டும் கொன்றை வேந்தன், ஔவையார் என்று எழுத வேண்டும். ‘முயற்சி திருவினை ஆக்கும்’ என்பது 616ஆம் குறள். ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்பது புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார். ஆள் தெரிந்ததை ஆள் பெயரோடு எழுதுங்கள். ஆள் தெரியாமல் ஊர் முழுக்கப் புழங்குவதுதான் பழமொழி.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான். பழமொழியை மட்டும் எழுதினால் அது பாதிதான். தொல்காப்பியம் முதுமொழியைப் பற்றிச் சொல்லும்போது ‘குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம்’ என்கிறது. ஏதோ ஒரு பேச்சு நடக்கிறது, அதை முடித்துவைக்க அது வருகிறது. பேச்சு இல்லாமல் தனியாக நின்றால் பழமொழிகள் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். திங்கள் ‘பதறாத காரியம் சிதறாது’ என்று எழுதிவிட்டுச் செவ்வாய் ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று எழுதினால், எதைச் செய்வது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். நியாயமான கேள்வி. முதலாவது, பரீட்சைத் தாளைக் கண்டதும் பதற்றத்தில் முதற்கேள்வியை வாசிக்காமல் விடை எழுதுபவருக்குச் சொல்வது. இரண்டாவது, விண்ணப்ப முடிவுத் திகதி வரை காத்திருப்பவருக்குச் சொல்வது.

ஆகவே பழமொழிக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘யாருக்கு, எப்போது சொல்வது’ என்று ஒரு வரி எழுதுங்கள். உதாரணமாக: ‘அலை ஓய்ந்து தலை முழுகுவது எப்போது?’ கீழே: ‘மேசை, வெளிச்சம், அமைதி எல்லாம் சரிவந்த பிறகு படிக்கத் தொடங்கலாம் என்று இருப்பவருக்கு.’ காலிமுகத்திடலில் ஒரு தரம் நின்ற பிள்ளைக்கு அலை ஓயாது என்று நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘ஆகவே நாம் அனைவரும்’ என்று தொடங்கும் நீதியை எழுத வேண்டாம். அந்த வரியைக் கண்டதும் பிள்ளைகள் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பொருள் விளங்காத சொல் இருந்தால் அதை மட்டும் விளக்குங்கள். தூற்றுவது என்றால், சூடு மிதித்த நெல்லை உயரத்திலிருந்து கொட்டி, காற்றில் பதரைப் பிரிப்பது. கொழும்புப் பிள்ளைக்கு ‘தூற்று’ என்றால் திட்டுவது மட்டும்தான் தெரியும். ‘தும்பை விட்டு வாலைப் பிடிப்பது’ இன்னும் மோசம். இங்கே தும்பு என்றதும் தும்புத்தடி ஞாபகம் வரும். பழமொழியில் தும்பு மாட்டைக் கட்டும் கயிறு. கயிற்றைக் கையில் வைத்திருந்தபோது விட்டுவிட்டு மாடு ஓடிய பிறகு வாலைப் பிடிக்கப் போவது என்ற காட்சி தெரிந்தால்தான் சிரிப்பு வரும்.

வெள்ளிக்கிழமைகளில் ஒரு சிங்களப் பழமொழியைப் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகள் எப்படியும் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறார்கள். ‘நட்டன்ன பெரி மினிஹாட்ட பொலவ எதைலு’ என்றால் ஆடத் தெரியாத ஆளுக்குத் தரை கோணலாம். நம்முடைய கூடம் கோணலும் அதுவும் ஒன்றே. எல்லாம் இப்படிப் பொருந்தாது. ‘இங்குரு தீலா மிரிஸ் கத்தா வகே’, இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல, என்பதற்கு நேராகப் ‘பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது’ என்று சிலர் போடுகிறார்கள். அது சரியில்லை. முதலாவது ஒரு தொல்லையைக் கைமாற்றிப் பெரிய தொல்லையை வாங்குவது, இரண்டாவது நல்லதைச் செய்யப் போய்க் கெட்டுவிடுவது. பொருந்தாவிட்டால் சிங்களத்தை மட்டும் எழுதிப் பொருள் சொல்லுங்கள்.

எழுதக் கூடாதவையும் உண்டு. பழைய தொகுப்புகளில் சாதியை, பெண்களை, கைம்பெண்களை, மாற்றுத்திறனாளிகளை இழிவு செய்யும் பழமொழிகள் நிறைய இருக்கின்றன. ஆராய்ச்சிக்கு அவை வேண்டும், பாடசாலை வாசலுக்கு வேண்டாம். ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்பதைக் காது கேட்கும் கருவி போட்ட பிள்ளை காலை 7 மணிக்கு வாசித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

பலகை வேலை. 4 அடி அகலப் பலகையில் இரண்டு பக்கமும் 3 அங்குலம் விட்டால் 42 அங்குலம் மிஞ்சும். ஒரு எழுத்துக்கு இரண்டரை அங்குலம் வைத்தால் வரிக்கு 16 எழுத்து, அதிலும் சொல்லிடைவெளி சேரும். அநேகமான பழமொழிகள் இரண்டு வரியில் அடங்கும். எங்கே உடைப்பது என்பதைப் பழமொழியே காட்டும். ‘ஆடத் தெரியாதவள்’ ஒரு வரி, ‘கூடம் கோணல் என்றாளாம்’ அடுத்த வரி. ‘ஆட’, ‘கூட’ என்ற எதுகை ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும், பிள்ளைக்கு மனதில் பதியும். ‘ஆடத் தெரியாதவள் கூடம்’ என்று இடம் இருக்குமட்டும் எழுதி உடைத்தால் ஓசை செத்துவிடும். மேலே ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் விசிறியும் கீழே ‘கூ’, ‘மு’ போன்றவற்றின் சுழியும் வருவதால் வரிகளுக்கிடையே ஓர் எழுத்து உயரமாவது விடுங்கள். முதல் நாள் பின்னேரமே ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஈரத்தில் எழுதினால் அந்த நேரம் மங்கலாகத் தெரியும், காய்ந்ததும் தடித்து ஒட்டி, அடுத்த நாள் அழியாமல் நிற்கும். வெள்ளை வெண்கட்டி பழமொழிக்கு, மஞ்சள் கீழ் வரிக்கு. சிவப்பும் நீலமும் தூரத்தில் தெரியாது.

எழுதி முடித்ததும் நாலு அடி பின்னால் போய்ப் புள்ளிகளையும் ல, ள, ழவையும் பாருங்கள். பேச்சில் நாங்கள் ழவை ளவாகவே சொல்கிறோம், அது கைக்கும் வந்துவிடும். வல்லெழுத்து மிகும் இடம்: ‘கழுதைக்குத் தெரியுமா’, ‘ஆடத் தெரியாதவள்’. இது சின்ன விடயம் இல்லை. இந்த நகரத்தில் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் ஏறிய தமிழ், பெயர்ப்பலகைகளிலும் அறிவித்தல்களிலும் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறோம். பஸ் ஆசனத்தின் மேல் ‘கர்ப்பிணித் தாய்மார்’ என்பதில் ‘தா’வுக்குப் பதிலாக ‘நா’ விழுந்து ஊரெல்லாம் அந்தப் படம் சுற்றியது. அதைப் பகிடியாகப் பகிர்ந்தவர்கள் அநேகம். ஒரு தாயைப் பற்றிய வசனம் அது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சிடுவதற்கு முன் தமிழ் தெரிந்த ஓர் ஆளிடம் ஒரு நிமிடம் காட்டியிருக்கலாம். குறைந்தது நம் பிள்ளைகள் தினமும் பார்க்கும் பலகையிலாவது எழுத்து சரியாக நிற்கட்டும்.

ஒரு தவணைக்கு 60 பழமொழி போலத் தேவைப்படும். ஒரு சி.ஆர். கொப்பியில் திகதி, பழமொழி, எந்தத் தொகுப்பில் பார்த்தது, யாருக்குச் சொல்வது என்று நாலு நிரல் போடுங்கள். ஐந்தாவது நிரலை வெறுமையாக விடுங்கள். பிள்ளைகள் ‘எங்கட வீட்டில இப்படிச் சொல்றேல்ல, வேற மாதிரி’ என்று வந்து சொல்வதை எழுதிக்கொள்ள அது வேண்டும், எந்த ஊர் வீடு என்பதையும் சேர்த்து.